கொரியப் பந்தியில் அயலவர்

கொரிய உணவு என்றதும், தொலைக்காட்சித் தொடர்களின் வழியே அந்நாட்டை அறிந்த தமிழ் வாசகருக்கு நினைவில் எழுவது, மேசையின் நடுவே கனலும் அடுப்பும், அதன்மேல் வதங்கும் பன்றி இறைச்சியும், பச்சை நிறப் போத்தலில் வரும் சோஜு என்னும் மதுவுமே ஆகும். அது விருந்து, அன்றாட உணவு வேறு. தென்கொரியாவில் ஒரு சாதாரண வேலைநாளின் நண்பகலில் பெரும்பாலோர் உண்பது ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் சூடான சாறு, கிம்ச்சி, முளைகட்டிய சோயாப் பயறோ கீரையோ கொண்டு செய்த ஓரிரு தொடுகறிகள், சில வேளைகளில் ஒரு துண்டு மீன் என்ற அளவில் அடங்கிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் தங்கியிருந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அதாவது, மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐவருக்குச் சற்றுக் குறைவு. சுற்றுலாப் பயணி சந்திப்பது விருந்தை என்றால், இந்த 25 இலட்சம் பேர் நாள்தோறும் சந்திப்பது மேற்சொன்ன எளிய உணவையே. அவர்களுக்கு எது கடினமாக இருக்கிறது என்ற கேள்விக்குக் காரமும் புளித்த வாடையும் என்று விடை கூறுவது வழக்கம்; அவ்விடை மேலோட்டமானது. காரம் சில வாரங்களில் பழகிவிடும், வாடையும் அப்படியே. எளிதில் பழகாதது, கொரிய உணவு ஒருவருக்கென்று பரிமாறப்படாமல் ஒரு குழுவுக்கென்று பரப்பப்படுகிறது என்னும் அடிப்படை ஒழுங்கே என்பதை இவ்வுரை நிறுவ முயல்கிறது.

அவ்வொழுங்கை முதலில் விளக்குதல் வேண்டும். சோறு கொரிய மொழியில் பாப் எனப்படும். அதனோடு வரும் நீர்த்த சாறு குக், கெட்டியான காரக்குழம்பு ஜிகே, சிறுசிறு தட்டுகளில் வரும் தொடுகறிகள் பஞ்சான் எனப்படுகின்றன. மேலைநாட்டு விருந்தில் உள்ளதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக உணவு வருவதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பப்படுகின்றன. சோறும் சாறும் மட்டுமே ஒவ்வொருவருக்கும் தனி; பஞ்சான் அனைவருக்கும் பொது. நடுவே கொதிக்கும் ஜிகேயும் பல இல்லங்களில் நெடுங்காலம் பொதுவாகவே இருந்தது. ஆளுக்கொரு கரண்டி நேராகச் சட்டிக்குள் சென்று திரும்பியது. சோற்றையும் சாற்றையும் கரண்டியால் உண்பதும், தொடுகறியை உலோகக் குச்சிகளால் எடுப்பதும், கிண்ணத்தைக் கையில் தூக்காமல் மேசையிலேயே வைத்து உண்பதும் முறை. சீனத்திலும் சப்பானிலும் கிண்ணத்தை வாயருகே உயர்த்துவது இயல்பாக இருக்க, கொரியாவில் அது பண்பற்ற செயலாகக் கருதப்பட்டது. மூத்தவர் கரண்டியை எடுத்த பின்னரே இளையவர் எடுப்பர்.

உணவகங்களில் சோறு வரும் மூடியிட்ட எஃகுக் கிண்ணத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அரிசித் தட்டுப்பாடு நிலவிய 1960-களிலும் 1970-களிலும், அரிசியோடு வாற்கோதுமையைக் கலந்து உண்ணுமாறும், கோதுமை மாவுப் பண்டங்களுக்கு மாறுமாறும் அரசு மக்களை வற்புறுத்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியைத் திறந்து, சோற்றில் வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று ஆசிரியர்கள் சோதித்த காலம் அது. அப்போதுதான், 1976-இல், சியோல் நகர நிர்வாகம் உணவகக் கிண்ணம் 10.5 சென்டிமீட்டர் விட்டமும் 6 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்று விதித்தது. இன்று சோற்றைக் குறைக்கச் சொல்ல எவரும் தேவையில்லை. 1970-இல் ஆண்டுக்கு 136.4 கிலோவாக இருந்த தனிநபர் அரிசி நுகர்வு 2023-இல் 56.4 கிலோவாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் கிண்ணம் அப்படியே நிற்கிறது. தென்னாசியாவிலிருந்து வந்தவர் முதல் நாளிலேயே அதைக் கண்டு இவ்வளவுதானா என்று திகைக்கிறார்.

பஞ்சானுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்துபோனால் மீண்டும் கேட்டுப் பெறலாம், பல கடைகளில் தாமே எழுந்து சென்று எடுத்துக்கொள்ளலாம். உண்டு முடித்து எழும்போது பணியாளருக்கு அன்பளிப்பு வைக்கும் வழக்கமும் இல்லை. இவை அயலவருக்கு மகிழ்ச்சி தருபவையே. ஆனால் இந்தத் தாராளத்தின் கணக்கு வேறிடத்தில் தீர்க்கப்படுகிறது. நால்வர் அமர்ந்தாலும் ஒருவர் அமர்ந்தாலும் கடைக்காரர் பரப்ப வேண்டிய சிறுதட்டுகள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான், மேசையும் ஒன்றுதான், இறைச்சி சுடும் கடையாயின் கரியடுப்பும் ஒன்றுதான். ஆகவே இறைச்சிக் கடைகளிலும், சட்டியில் கொதிக்கவைத்துப் பகிரும் பண்டங்களை விற்கும் கடைகளிலும், குறைந்தது இருவருக்கான அளவை வாங்கினால்தான் உண்டு என்ற விதி நெடுங்காலமாக நிலவுகிறது. நாட்டுக்குப் புதிதாக வந்து, அறைத்தோழரோ உறவினரோ இல்லாத ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இத்தகைய கடையின் வாயிலில் நின்று ஒற்றை விரலைக் காட்டும்போது கிடைக்கும் மறுப்பை, தம் நிறத்தின் மீதோ நாட்டின் மீதோ உள்ள வெறுப்பு என்று புரிந்துகொள்வது உண்டு. அத்தகைய வெறுப்பு எங்குமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எனினும் அதே வாயிலில் தனியே வந்த கொரியரும் அதே மறுப்பைப் பெற்றுத் திரும்பியிருக்கிறார் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தனியர் செல்லக்கூடிய இடங்கள் முன்பும் இருந்தன. சோற்றின்மேல் எலும்புச் சாற்றை ஊற்றித் தரும் குக்பாப் கடைகள், கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி வெட்டித் தரும் கிம்பாப் கடைகள், பல்கலைக்கழக உணவுக்கூடங்கள், இரவு முழுதும் திறந்திருக்கும் சிறு பல்பொருள் கடைகள் ஆகியவை அவை. 1963-இல் முதன்முதலாகக் கொரியாவில் உற்பத்தியான ராம்யோன் என்னும் உடனடி நூடுல்ஸ், அரிசியை மிச்சப்படுத்தும் அரசின் முயற்சியோடு சேர்ந்து வளர்ந்து, இன்று தனித்து வாழ்வோர் அனைவரின் பொது உணவாகிவிட்டது. கடைக்குள்ளேயே வெந்நீர் ஊற்றி, சுவரோரப் பலகையில் நின்றபடி அதை உண்ணும் வெளிநாட்டு மாணவருக்கு அருகில் பெரும்பாலும் ஒரு கொரிய மாணவரும் நிற்கிறார். 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்தக் குடும்பங்களில் 31.7 விழுக்காடு ஒற்றையாள் குடும்பங்களாக இருந்தன. தனியே உண்பதைக் குறிக்க ஹொன்பாப் என்ற புதுச்சொல் பிறந்தது. அதன்பின் ஒருவர் மட்டும் அமரும் தடுப்பு மேசைகளும், ஒருவருக்கான சிறிய இறைச்சியடுப்புகளும் தோன்றின. அயலவரின் இக்கட்டைக் கருதி எவரும் இம்மாற்றத்தைச் செய்யவில்லை. கொரியரின் குடும்பம் சுருங்கியதால் அது நிகழ்ந்தது, பயன் அயலவருக்கும் கிட்டியது. இடையில் புதிய தடையொன்றும் முளைத்தது: பணியாளரிடம் கைகாட்டி வாங்கிய காலம் போய், வாயிலில் நிற்கும் தொடுதிரைப் பொறியில் கொரிய மொழியில் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. முதிய கொரியர்களும் இப்பொறியின்முன் தடுமாறுகிறார்கள் என்பது அயலவருக்குச் சிறு ஆறுதல்.

கிம்ச்சியைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அதை ஊறுகாய் என்று குறித்துவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. உப்பில் ஊறுகிறது என்ற அளவில் அது சரி. உண்ணும் முறையில் பெரும் பிழை. ஊறுகாய் இலையின் ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் அளவே வைக்கப்படும். கிம்ச்சியோ காய்கறியாகவே, நாளைக்கு மூன்று வேளையும், கிண்ணம் கிண்ணமாக உண்ணப்படுகிறது. உப்பிட்டு வடித்த நீள்கோசு இலைகளின் இடையே மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கிக் கீற்று, சோட்கல் எனப்படும் உப்பிட்டுப் புளிக்கவைத்த கடலுணவு ஆகியவற்றின் கலவையைத் தடவி அடுக்கினால், காற்றில்லாச் சூழலில் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பெருகி அதைப் புளிக்கச் செய்கின்றன. மிளகாய் இதில் பிற்காலத்து வரவே. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மிளகாய் கொரிய நூல்களில் குறிக்கப்படுவது 1614-இல் யி சு-குவாங் தொகுத்த கலைக்களஞ்சியத்தில். கிம்ச்சியில் மிளகாய் சேர்க்கும் முறை 1766-ஆம் ஆண்டின் வேளாண் நூல் ஒன்றில் காணப்படுகிறது. அதற்கு முன்னும் கிம்ச்சி இருந்தது, சிவப்பின்றி. இன்றும் குளிர்காலத்தில் மிளகாய்த்தூள் இல்லாத முள்ளங்கி நீர்க்கிம்ச்சி உண்ணப்படுகிறது. காரம் ஒவ்வாத அயலவருக்கு இதைக் காட்டிக்கொடுப்போர் குறைவு என்பது வியப்பே.

குளிர்காலத் தொடக்கத்தில் உற்றாரும் அண்டைவீட்டாரும் கூடி மொத்தமாகக் கிம்ச்சி செய்து பகிர்ந்துகொள்ளும் நிகழ்வு கிம்ஜாங் எனப்படும். யுனெஸ்கோ அமைப்பின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தென்கொரியாவின் கிம்ஜாங் 2013-இலும், வடகொரியாவின் கிம்ச்சி செய்யும் மரபு 2015-இலும் இடம்பெற்றன. மண்ணில் புதைத்த தாழிகளின் இடத்தை, அடுக்ககங்கள் பெருகிய பின், கிம்ச்சிக்கென்றே வடிவமைத்த குளிர்பெட்டிகள் 1990-களின் நடுப்பகுதி முதல் பிடித்தன. ஆனால் தனியறையில் வாழும் அயலவருக்கு அத்தகைய பெட்டி ஏது? அவருக்கு வாய்ப்பது மலிவான உணவகத்தில் இலவசமாக வரும் கிம்ச்சி. அதில் பெரும்பகுதி சீனத்தில் செய்யப்பட்டு இறக்குமதியாவது. மரபுப் பட்டியலில் ஏறிய கிம்ச்சியும் நாள்தோறும் நாவில் படும் கிம்ச்சியும் இவ்வாறு வெவ்வேறு ஊர்களிலிருந்து வருகின்றன.

சோட்கல் பற்றிய குறிப்பு மரக்கறி உண்போரின் இடர்ப்பாட்டுக்கு இட்டுச் செல்கிறது. சியோல், தேஜோன், போஹாங் முதலிய நகரங்களின் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றும் இந்திய ஆய்வாளரிடையே தமிழரும் உளர். அவர்களுள் மரக்கறி உண்போர் எதிர்கொள்வது வெளிப்படையான இறைச்சியை அன்று, மறைந்திருக்கும் மீனை. கிம்ச்சியில் உப்பிட்ட கூனிறாலோ நெத்திலிச் சாறோ இருக்கும். சோயாப் பயற்றை அவித்து, இடித்துக் கட்டியாக்கி, பூஞ்சை பிடிக்கவைத்து உப்புநீரில் ஊறவைத்துப் பெறும் தொயென்ஜாங் என்னும் விழுது தாவரப் பொருளே. ஆயினும் அதைக் கரைத்துக் கொதிக்கவைக்கும் நீர், உலர்ந்த நெத்திலியும் கடற்பாசியும் போட்டு வடித்த சாறாகவே பெரும்பாலும் இருக்கிறது. இறைச்சி வேண்டா என்று சொன்னால் கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் நீக்கப்படும், சாறு அப்படியே வரும்; சமைத்தவர் ஏமாற்ற நினைக்கவில்லை, சாற்றை அவர் ஒரு கேள்வியாகவே கருதவில்லை. இதன் காரணம் சற்று ஆழமானது. இந்தியாவில் எதை உண்பதில்லை என்பது சாதியையும் சமயத்தையும் குடும்பத்தையும் அறிவிக்கும் அடையாளம். பந்தியில் மறுப்பது அங்கு இயல்பு. கொரியாவில் மறுப்பு பெரும்பாலும் உடல்நலம் பற்றியதாகவே பொருள்கொள்ளப்படும். நலமாக இருக்கும் ஒருவர் பொதுச் சட்டியை மறுத்தால், சட்டியோடு அதைச் சுற்றி அமர்ந்தவர்களையும் மறுத்ததாகவே தோன்றும். அலுவலகத்தார் மாலையில் ஒன்றுகூடி உண்டு குடிக்கும் ஹ்வேசிக் என்னும் வழக்கத்தில் இது கூர்மையடைகிறது. மூத்தவர் ஊற்றும் மதுவை இரு கைகளாலும் ஏற்று முகத்தைத் திருப்பி அருந்த வேண்டிய அவ்விடத்தில், மது அருந்தாத இசுலாமியப் பொறியாளரும், பன்றி இறைச்சி அடுப்பின்முன் அமர்ந்த மரக்கறியாளரும் தம் நம்பிக்கையையும் பணிநேயத்தையும் ஒரே மாலையில் காக்க வேண்டியிருக்கிறது. இளம் கொரியர்கள் தாமே ஹ்வேசிக்கைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டதால் இந்த இறுக்கம் இப்போது தளர்ந்து வருகிறது.

கொரியாவிலேயே மீனும் இறைச்சியும் இல்லாச் சமையலுக்குப் பழைய மரபு உண்டு. பௌத்த மடங்களின் உணவில் அவை மட்டுமின்றிப் பூண்டும் வெங்காய இனங்களும் விலக்கப்படுகின்றன. பெக்யாங்சா மடத்தைச் சார்ந்த துறவி ஜோங் குவான், 2017-இல் வெளியான நெட்பிளிக்ஸ் ஆவணத்தொடர் ஒன்றின் வழியே உலகறிந்தவரானார். அவ்வுணவைச் சியோலில் விற்கும் உணவகங்கள் விலையுயர்ந்தவை. உதவித்தொகையில் வாழும் மாணவருக்கு எட்டாதவை. அவருக்குக் கைகொடுப்பது கோடையில் கிடைக்கும் கோங்குக்சு என்னும் குளிர்ந்த சோயாப்பால் நூடுல்சும், இறைச்சி நீக்கிய பிபிம்பாப் என்னும் காய்கலந்த சோறும், அறையில் உள்ள மின்சோற்றுப்பானையுமே. சோறும் அவர் பழகியதன்று. கொரிய அரிசி குட்டையானது, வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டுவது. குழம்பை ஊற்றிப் பிசைந்தால் களியாகிவிடும். 2015 முதல், ஆண்டுக்கு 4,08,700 டன் என்ற ஒதுக்கீட்டுக்கு மேல் இறக்குமதியாகும் அரிசிக்கு 513 விழுக்காடு தீர்வை உண்டு. உழவரைக் காக்கும் இத்தீர்வையுள்ள நாட்டில் நீள அரிசி வெளிநாட்டு மளிகைக் கடையின் பண்டமாகவே நின்றுவிட்டது. 1976-இல் திறக்கப்பட்ட மத்தியப் பள்ளிவாசலைச் சுற்றி, சியோலின் இத்தேவோன் பகுதியில் வளர்ந்த கடைகளில் பருப்பும் மசாலாப் பொருளும் ஹலால் இறைச்சியும் கிடைக்கின்றன. சமயத்தால் பிரிந்த தென்னாசியர் மளிகையால் ஒன்றுகூடும் தெரு அது.

இதுவரை கூறியது வெளியே உண்போரின் நிலை. கொரியக் குடும்பத்திற்குள் மருமகளாக வந்த அயல்நாட்டுப் பெண்களின் நிலை முற்றிலும் வேறு. அவர்கள் பந்தியில் அமர்வதற்கு முன் அதைப் பரப்பக் கற்க வேண்டும். வியட்நாம், பிலிப்பைன்சு, கம்போடியா முதலிய நாடுகளிலிருந்து, குறிப்பாகச் சிற்றூர்களுக்கு, மணமகள்கள் வரத் தொடங்கிய பின், 2008-இல் பன்பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் இயங்கும் மையங்கள் மொழியோடு சமையலையும் கற்பித்தன. மாமியார் முன்னிலையில் சிவப்புக் கையுறை அணிந்து கிம்ச்சி செய்யும் அயல்நாட்டு மருமகளின் படம், செய்தித்தாள்களில் ஒருமைப்பாட்டின் சின்னமாக ஆண்டுதோறும் வெளிவந்தது. அப்படத்தில் இல்லாதது எதிர்த்திசைப் பாடம்: மருமகளின் ஊர்ச் சமையலைக் கணவரும் மாமியாரும் கற்கும் வகுப்பு அரிது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் இவ்வேறுபாடு உடலையே தொடுகிறது. ஈன்ற தாய்க்குக் கொரியாவில் வாரக்கணக்கில் மியோக்குக் என்னும் கடற்பாசிச் சாறு தரப்படும். அன்பின் உச்சம் அது. வியட்நாமிலோ பால் சுரக்கப் பன்றிக்காலும் பச்சைப் பப்பாளியும் சேர்த்த சாறு தருவர். தாயின் கைப்பக்குவத்தை உடல் தேடும் நாள்களில், வழவழப்பான பாசிச் சாற்றை வேளைதோறும் குடிக்க நேரும் இளம்பெண்ணுக்கு அவ்வன்பு சுமையாகிவிடக்கூடும். இதில் எவரையும் குறைகூற இயலாது. இருவரும் தத்தம் முறைப்படி நலமே நாடுகின்றனர்.

மூன்றாவது வகையினர் எண்ணிக்கையில் பெரியவர், பேச்சில் சிறியவர். 2004 ஆகஸ்டில் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின்கீழ், இலங்கை, நேபாளம், வங்கதேசம், இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து தொழிலாளர் ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் வருகின்றனர். ஆலையின் உணவுக்கூடம் தரும் சோறும் சாறும் இவர்களுள் பலருக்கு முதல் கொரிய உணவு. தேர்வுக்கு இடமின்றி, குறித்த நேரத்தில், தட்டில் வருவது. பண்ணையில் வேலை செய்வோருக்கு அதுவும் இல்லை; நீண்ட வேலைநாளின் முடிவில் தாமே சமைத்துக்கொள்கின்றனர். இவர்களைப் பற்றிப் பேசும்போது, வெளிநாட்டவர் கொரிய உணவை எவ்வாறு உண்கின்றனர் என்ற கேள்வியே பாதியளவில் நின்றுவிடுகிறது. கொரிய உணவை விளைவிப்போரும் இவர்களே. சுட்ட இறைச்சியைச் சுற்றி உண்ணும் க்கென்னிப் என்னும் நறுமண இலை, ஆண்டு முழுவதும் நெகிழிக் குடில்களில் வளர்க்கப்பட்டு ஒவ்வொன்றாகக் கையால் பறிக்கப்படுவது. பறிப்போருள் கம்போடியப் பெண்கள் மிகப் பலர். அக்குடில்களுக்குள்ளேயே தொழிலாளரைத் தங்கவைக்கும் வழக்கம், 2020 டிசம்பரில் போச்சோன் வட்டாரத்தில் கடுங்குளிர் இரவொன்றில் கம்போடியப் பெண் தொழிலாளி ஒருவர் இறந்த பின்னரே நாடளாவிய கண்டனத்துக்கு உள்ளாகி, அரசு விதிகளைக் கடுமையாக்க நேர்ந்தது. கொரிய உணவின் நற்பண்புகளை விரித்துரைக்கும் வண்ணமயமான நூல்களில் இவ்விலையின் மணம் இடம்பெறும். பறித்த கை இடம்பெறுவதில்லை.

விடுமுறை நாளில் இத்தொழிலாளர் செல்லும் தெருக்கள் இன்று கொரிய நகரங்களின் உணவு வரைபடத்தையே மாற்றிவிட்டன. ஆலைநகரான அன்சானின் வொங்கோக்-தோங் பகுதியில் பல நாட்டு உணவகங்கள் வரிசையாக உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் சியோலின் ஹேஹ்வா-தோங் கத்தோலிக்க ஆலயத்தின் அருகே பிலிப்பைன்சு மக்களின் சந்தை கூடுகிறது. தொங்தெமுன் பகுதியில் நேபாளக் கடைகளும் உசுபெக்கியர், மங்கோலியர் கடைகளும் அடுத்தடுத்துள்ளன. தேரிம்-தோங் பகுதியில், சீனத்திலிருந்து திரும்பிய கொரிய வமிசத்தவர் தொடங்கிய ஆட்டிறைச்சிக் கம்பிச் சுடலும், மாலாதாங் என்னும் மரத்துப்போகச் செய்யும் காரச் சாறும், முதலில் அவர்களுக்குள்ளேயே நின்று, பின் பள்ளி மாணவியர் வரை நாடெங்கும் பரவின. இத்தகைய வரவு கொரியாவுக்குப் புதிதன்று. ஷான்தோங் மாகாணத்துச் சீனர் இஞ்சோன் துறைமுகத்தில் அறிமுகப்படுத்திய கருஞ்சோயா விழுது நூடுல்சான ஜஜாங்ம்யோன் இன்று கொரியப் பிள்ளைகளின் விருப்ப உணவு; கொரியப் போருக்குப் பின் அமெரிக்கப் படைமுகாமிலிருந்து வெளிவந்த டின் இறைச்சியைக் கிம்ச்சியோடு கொதிக்கவைத்து உய்ஜொங்பு நகரில் பெயர்பெற்ற புதே ஜிகே, இன்று எவருக்கும் அயலாகத் தோன்றுவதில்லை.

ஆயினும் உள்ளே வரும் ஒவ்வோர் உணவும் பந்தியின் ஒழுங்குக்குப் பணிந்தே இடம்பெறுகிறது. வியட்நாமிய நூடுல்சுக் கடையில் கொத்தமல்லித் தழையைக் கேட்டால்தான் தருவர். மஞ்சள் முள்ளங்கித் துண்டுகளும் காடியில் ஊறிய வெங்காயமும் கேளாமலே சிறுதட்டில் வரும். நேபாளியர் பலர் நடத்தும் இந்திய உணவகங்களிலும் குழம்பில் காரம் குறைந்து இனிப்பு கூடியிருக்கிறது. நானும் குழம்பும் மேசையின் நடுவே வைக்கப்பட, வந்த கொரியர் நால்வரும் ஒரே கிண்ணத்திலிருந்து தொட்டு உண்கின்றனர். தனித்தனித் தட்டில் உண்டு பழகிய இந்திய வாடிக்கையாளர் அடுத்த மேசையிலிருந்து அதைப் பார்க்கிறார். அவருடைய மேசைக்கும் ஊறுகாயோடு முள்ளங்கி வந்து சேர்கிறது, விலையில்லாமல்.